குடத்தை உள்ளே வைத்த ஊர்

பெருங்கரைக்கு மேற்கே ஒரு மடம் உண்டு. மடம் என்றதும் கோபுரம், யானை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு சமாதி, ஒரு பெரிய அடுப்பு, அவ்வளவுதான். மதியம் யார் வந்தாலும் இலை போடுவார்கள் என்பதால் சோத்து மடம் என்றே பெயராகிவிட்டது.

அங்கே ஒரே ஒரு சட்டம்தான். இலையை மடிக்காதவரை யாரும் எதையும் கேட்கலாம். மடித்துவிட்டால் பந்தி முடிந்தது. அதற்குப் பிறகு கேட்கவும் கூடாது, போடவும் கூடாது.

மடத்தை நடத்துகிறவர் வடிவம்மை. நாற்பது வயதைத் தொட்டிருப்பார். ஊர் அவரைச் சாமியம்மா என்று கூப்பிடும். அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் தவசிலிங்கம். ஐம்பத்தெட்டு வயது, பேரூராட்சித் தலைவர். இந்த வயதில் போய் ஒரு சின்னப் பொம்பளை முன்னால் கைகட்டி நிற்கிறாரே என்று கேலி பேசியவர்கள் உண்டு. "புத்தி என்ன வயசு பாத்தா வரும்?" என்று சிரித்துவிட்டுப் போவார் தவசிலிங்கம்.

அன்று காலை அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பித்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தார். சாமியம்மா அடுப்படியில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சாப்டீகளா தலைவரே?"

"தொண்டையில எறங்கல. சக்கரை மாத்திரைய மட்டும் முழுங்கிட்டு வந்துட்டேன்."

"என்ன அம்புட்டு அவசரம்?"

"இன்னைக்கு மூணு மணிக்குக் கம்பெனிக்காரரு வாராரு, கையெழுத்துக்கு. போடலாமா, வேணாமான்னு கேக்க வந்தேன்."

"தாலி கட்டப் போற நேரத்துல வந்து, பொண்ணு பிடிச்சிருக்கான்னு கேக்குறீகளே!"

தவசிலிங்கம் தரையைப் பார்த்தார்.

அந்தக் கம்பெனி சாதாரணக் கம்பெனி இல்லை. பெருங்கரையில் எந்தச் சட்டைப்பையைத் தடவினாலும் அதன் பெயர் போட்ட போன் இருக்கும். உலகம் முழுக்க எடுக்கிற படத்தையும் பேசுகிற பேச்சையும் சேர்த்து வைக்க ஒரு டேட்டா சென்டர் கட்ட இடம் தேடி, கடைசியில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. வந்த சேதி தெரிந்த அன்று ஊரில் வெடி போட்டார்கள். போடாமல் என்ன செய்வார்கள்? நூல் மில்லைப் பூட்டிய பிறகு பெருங்கரையில் மிச்சமிருந்த ஒரே தொழில் பஸ் ஏறுவதுதான். தெருவுக்குப் பாதி வீடு பூட்டிக் கிடந்தது.

ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் ஓடுகிற மெஷின்கள் ராப்பகலாகச் சூடாகும். சூட்டை ஆற்றத் தண்ணீர் வேண்டும். பெருங்கரையில் இல்லாதது அது ஒன்றுதான்.

போன மாதம் கம்பெனியிலிருந்து ஊரைப் பார்க்க வந்தார்கள். பெண் பார்க்க ஆள் வந்தால் ஒரு வீட்டில் என்னென்ன நடக்குமோ அத்தனையும் இங்கே நடந்தது. தவசிலிங்கம் லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கிக் கொட்டி, காய்ந்து கிடந்த ஊருணியை விளிம்பு தட்ட நிரப்பினார். தெருக்குழாயடியில் வாரக்கணக்கில் வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடங்களையெல்லாம் அவரவர் வீட்டுக்குள் எடுத்து வைக்கச் சொன்னார். ஒரு பெண்கூட முணுமுணுக்கவில்லை. வருகிறவர்கள் நம்மைத் தரித்திரம் பிடித்த ஊர் என்று நினைத்துவிட்டால் என்னாவது? வெட்கங்கெட்ட ஊர்கள் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். இது வெட்கத்திலேயே செத்துப்போகிற ஊர்.

வந்தவர்கள் ஊருணியைப் பார்த்தார்கள், குடமில்லாத குழாயடியைப் பார்த்தார்கள், முகம் மலர்ந்து போனார்கள். இப்போது ஒப்பந்தம் வந்திருந்தது. ஊருணியிலும் அதைச் சுற்றி இருக்கும் கிணறுகளிலும் பாதித் தண்ணீர் கம்பெனிக்கு. முப்பது வருஷத்துக்கு.

"பாதின்னு கேக்குறாக சாமியம்மா. முழுசே எங்க இருக்கு?" என்றார் தவசிலிங்கம். "நெசத்தைச் சொன்னா அவுக போயிருவாக. சொல்லாட்டித் தண்ணி போயிரும். ஆயிரம் பொய்யச் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்லுவாகள்ல. நான் ஒத்தைப் பொய்தான சொன்னேன்?"

சாமியம்மா கடைசித் துண்டையும் நறுக்கிச் சட்டியில் போட்டார்.

"அவுக எப்ப வாராக?"

"பன்னெண்டு மணிக்கே ஊருக்குள்ள வந்துருவாக. கையெழுத்துதான் மூணு மணிக்கு."

"மொதல்ல இங்க கூட்டிட்டு வாங்க. விருந்தாளி சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"இன்னைக்கு அரிசி கொஞ்சந்தான் இருக்கு. நம்மாளுகளும் சேந்து உக்காந்தாப் பத்தாது. விருந்தாளி கேட்டா, சாப்பிட்டாச்சுன்னு சொல்லிரணும். நீங்களே எல்லாருட்டயும் சொல்லிருங்க. நீங்க சொன்னாக் கேப்பாக."

தவசிலிங்கத்துக்கு எரிச்சல் வந்தது. ஊர் தலையில் இடி விழப்போகிறது, இவர் சோற்றுக் கணக்குப் பார்க்கிறாரே என்று நினைத்தார். ஆனாலும் பன்னிரண்டு மணி நெருங்கியதும் போய்ச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்காகச் சுவரோரம் கூடியிருந்த இருபது பேரும் தலையாட்டினார்கள். பழைய மில் தொழிலாளி பிச்சாண்டி, "இதென்ன நமக்குப் புதுசா, தலைவரே?" என்றார்.

கம்பெனி அதிகாரி பெயர் ரகுநந்தன். சென்னைக்காரர், நல்ல மனிதர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, சமாதியைக் கும்பிட்டுவிட்டு, உதவியாளரோடும் டிரைவரோடும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தவசிலிங்கம் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பரிமாற வந்தார்.

"நீங்க உட்காரலையா சார்?"

"நான் சாப்பிட்டாச்சு."

"இவங்கெல்லாம்?"

"சாப்பிட்டாச்சு சார்!" என்றன இருபது வாய்களும், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல.

சோற்றிலிருந்து ஆவி எழும்பியது. சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, அப்பளம். ரகுநந்தன் ஒரு கவளம் வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஹோட்டல் சோறு தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு சார். கொஞ்சம் சாதம் போடுங்க."

தவசிலிங்கம் போட்டார்.

சுவரோரம் இருந்த நிறைமாதக்காரி செண்பகவல்லி, புருஷனைத் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிச்சாண்டி எச்சிலை விழுங்குகிற சத்தம் தவசிலிங்கத்துக்குக் கேட்டது.

"சாம்பாருக்கே இன்னொரு தடவை சாப்பிடலாம் போல இருக்கே! இருக்கா சார்?"

"இருக்கு, இருக்கு. நல்லாச் சாப்பிடுங்க."

இதைச் சொல்லும்போதே தவசிலிங்கத்துக்கு உள்ளங்கை வேர்த்தது. முழங்கால் லேசாக ஆடியது. வெறும் வயிற்றில் விழுந்த மாத்திரை வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது. இப்போது ஒரு வாய் சோறு உள்ளே போகாவிட்டால் கண் இருட்டும். சட்டி அவர் கையிலேயே இருந்தது. நிறையச் சோறு பரிமாறிக்கொண்டே பசியில் விழப்போகிறோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகைகூட வந்தது.

டிரைவரும் இரண்டாம் தடவை வாங்கினார். உதவியாளரும் வாங்கினார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பிரமாதமான சாப்பாடு.

தவசிலிங்கம் அடுப்படிக்குள் வந்து கதவோரம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சீறினார்.

"என்ன மனுசன் சாமியம்மா இவரு! சுத்தி நிக்கிறவுக மூஞ்சியப் பாத்தாத் தெரியல?"

"என்ன தெரியணும்?"

"பசி!"

"சாப்பிட்டாச்சுன்னுல்ல சொன்னோம்."

சாமியம்மா பானையைச் சாய்த்து, அடியில் கிடந்ததைச் சுரண்டிச் சட்டியில் போட்டார். அகப்பை பானையில் உரசிய சத்தம் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அது என்ன சத்தம் என்று இருபது பேருக்கும் தெரியும். விருந்தாளிக்கு மட்டும் தெரியாது.

"இதையும் போட்டுட்டு வாங்க" என்றார்.

"இதோட தீந்துச்சே."

"விருந்தாளி கேக்குறாருல்ல. போடுங்க."

தவசிலிங்கம் கூடத்துக்கு வந்தார். ரகுநந்தன் இலையில் சோற்றுக்குக் குழி பறித்து வைத்திருந்தார்.

"நீங்க வற்புறுத்துறீங்க, சரி. ஒரே ஒரு கரண்டி."

தவசிலிங்கம் கரண்டியை இலைக்கு மேலே நீட்டினார். நாலைந்து பருக்கைகள் இலையில் உதிர்ந்தன. கரண்டி மட்டும் கவிழ மறுத்தது.

"சார்" என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "நான் இன்னும் சாப்பிடல சார்."

ரகுநந்தன் நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க ஒருத்தருமே சாப்பிடல."

ரகுநந்தன் கையிலிருந்த கவளத்தை அப்படியே இலையில் வைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்ன சார் இது? நான் கேட்டேனே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இருக்கறதை எல்லாரும் பகிர்ந்து சாப்பிட்டிருக்கலாமே. கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுட்டேனே சார், மிருகம் மாதிரி!"

கடைசியில் பிச்சாண்டிதான் தலையைச் சொறிந்துகொண்டே வாயைத் திறந்தார்.

"ரெண்டாம் தடவை நீங்க வாங்குறப்பவே சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு சார். ஆனா மொதல்ல ஒண்ணு சொல்லிட்டு, பெறகு இல்லைன்னு எப்படிச் சொல்றது? வெக்கமாப் போச்சு."

தவசிலிங்கத்துக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. சட்டியைக் கீழே வைத்துவிட்டு, தட்டுத்தடுமாறி அடுப்படி வாசலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். சாமியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு துண்டு கருப்பட்டி இருந்தது. காலையிலேயே முடிந்து வைத்தது.

"வாயில போடுங்க."

போட்டுக்கொண்டார். இனிப்பு தொண்டையில் இறங்க இறங்கக் கண் தெளிந்தது. சாமியம்மா பக்கத்துப் பானையின் மூடியைத் திறந்து பார்த்து, உலை கொதித்துவிட்டது என்று ஒரு முறம் அரிசியைக் களைந்து போட்டார். தவசிலிங்கம் அந்த அரிசியைப் பார்த்தார், சாமியம்மாவைப் பார்த்தார்.

கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. ஒப்பந்தக் காகிதம் வாசலில் நின்ற காருக்குள் இருந்தது.

"சாமியம்மா."

"சொல்லுங்க."

"சோத்தைச் சொல்றது லேசு. ஒரு மனுசன் மூஞ்சி சிவந்ததோட போச்சு." வாயில் மிச்சமிருந்த கருப்பட்டியை விழுங்கினார். "ஊருணிய எப்படிச் சொல்லுவேன்? சொன்ன அடுத்த நிமிசம் கார்ல ஏறிப் போயிட்டாருன்னா? வெடி போட்ட சனம் பூராம் நாளைக்கு என் மூஞ்சியில காறித் துப்புமே. பூட்டுன வீடெல்லாம் பூட்டுனபடியே கெடக்குமே. ஊரெல்லாம் சேந்து குடத்த உள்ள வச்சுட்டு, இப்பப் போய் எந்த வாயால இல்லைன்னு சொல்றது? காலங் கடந்துபோச்சு சாமியம்மா."

சாமியம்மா கூடத்தை எட்டிப் பார்த்தார். ரகுநந்தன் சாப்பிடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. எச்சில் கை காய, என்ன செய்வதென்று தெரியாமல் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அவுக இன்னும் இலைய மடிக்கலையே, தலைவரே" என்றார் சாமியம்மா.