வியாழக்கிழமை வருவது யார்?

ஒரே சொல்லை மூன்று பேர் ஒரு பெண்ணுக்கு மூன்று விதமாகச் சொன்ன கதை இது. கேட்டு முடித்ததும் தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மணப்பாட்டுக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அங்கே அமலோற்பவம் என்றொரு பெண் மாமியாரோடும் கொழுந்தன் தொபியாஸோடும் வாழ்ந்து வந்தாள். அவள் கணவன் பிரிட்டோ சரக்குக் கப்பலில் சமையல்காரன். நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது என்ற செய்தி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அழுது ஓய்ந்து, ஜெபித்து ஓய்ந்து, கடைசியில் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். போன் அடித்தால்கூட எழுந்து போக அமலோற்பவத்துக்குக் கால் வரவில்லை.

ஒரு காலையில் கப்பல் கம்பெனியின் வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி தொபியாஸின் போனுக்கு வந்தது. நாலைந்து வரிதான். அவன் பன்னிரண்டாவது வரை படித்தவன். ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் அவன்தான் வாசித்துச் சொல்வான். முதல் வரியில் இருந்த வருத்தத்தைத் தாமதத்துக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டான். அடுத்த வரியில் ‘ரெஸ்ட்’ என்ற சொல் இருந்தது. அதற்கடுத்து, பிரிட்டோவின் பெயரோடு சேர்ந்து ‘ரிமெய்ன்ஸ்’ என்ற சொல். அந்தச் சொல்லில் அவன் சற்று நின்றான். பிறகு முகம் மலர்ந்தது.

“மதினி, கப்பல்ல உள்ளவங்க எல்லாரும் ரெஸ்ட் எடுக்காங்களாம். அண்ணன் மிச்சம் இருக்கான். வியாழக்கிழமை பிளேன்ல வாரான்.”

மாமியார் சிலுவை போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பார்த்தவர்களிடமெல்லாம் மகன் வருகிறான் என்றாள்.

அமலோற்பவத்துக்கு மட்டும் மனம் ஒட்டவில்லை. உயிரோடு இருப்பவர் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை? போனை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஹில்டா டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

டீச்சர் செய்தியை வாசித்தார். மறுபடி வாசித்தார். நிமிரவில்லை.

“டீச்சர், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வியாழக்கிழமை வாரது அவரா, அவரு சாமானா?”

டீச்சர் அவளைப் பார்த்தார். அமலோற்பவத்தின் கண்கள் குழி விழுந்திருந்தன. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

“சாமான்தான். ரிமெய்ன்ஸ்னா மீதின்னு அர்த்தம். அவரோட மீதிப் பொருளை அனுப்புதாங்க.”

“அப்ப அவரு?”

“அதைப் பத்தி இதுல தெளிவா இல்லம்மா. நீ போய்க் கொஞ்ச நேரம் படு.”

வருவது சாமான் என்றால் அவர் பின்னால் வரலாம். அந்தக் கொஞ்ச நம்பிக்கையோடு வீட்டுக்கு வந்து, வெறுந்தரையில் தலை சாய்த்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் தூங்கினாள். பகல் முழுவதும் அப்படியொரு தூக்கம். மாமியார் அதற்குள் பக்கத்துத் தெருக்களுக்கும் செய்தியைக் கொண்டுபோயிருந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது போன் அடித்தது. அமலோற்பவம்தான் விழித்து எடுத்தாள். கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் தமிழில் பேசினார்.

“விமான நிலையத்துல கையெழுத்துப் போட யார் வருவீங்கன்னு கேக்கணும். அதுக்கு முன்னாடி, பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?”

“கொழுந்தன் இருக்காவ. நீங்க சொல்லுங்க, வாரது என்ன?”

“அவரைக் கூப்பிட்டு வச்சுக்கங்க. நீங்க உக்காருங்க.” அவள் உட்காரும்வரை காத்திருந்தார். “வர்றது உங்க வீட்டுக்காரரோட உடம்பும்மா. தீ விபத்துல அவர் இறந்துட்டார். மத்த எல்லாரும் பிழைச்சுட்டாங்க.”

வியாழக்கிழமை பெட்டி வந்தது. பிள்ளையை வரவேற்க வர இருந்த ஊர், அடக்கத்துக்கு வந்தது. மாமியார் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள். தொபியாஸ் பெட்டியின் கால்மாட்டில் தலை கவிழ்ந்து நின்றான்.

அடக்கம் முடிந்த பின் ஹில்டா டீச்சர் அமலோற்பவத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். “ரெஸ்ட்னா மத்தவங்கன்னும் ஒரு அர்த்தம் உண்டு. அது தொபியாஸுக்குத் தெரியல. சாமானை அனுப்புதாங்கன்னா அதுக்கு வேற சொல்லு இருக்கு. ஆனா ரிமெய்ன்ஸ் மனுசன் பேரோட சேர்ந்து வந்தா உடம்புதான். எனக்குத் தெரியும் அமலி. தெரிஞ்சுதான் மாத்திச் சொன்னேன்.”

அமலோற்பவம் சொன்னாள்: “அன்னைக்குத் தூங்கலேன்னா இன்னைக்கு நிக்கவே தெம்பு இருந்திருக்காது, டீச்சர். ஆனா அந்தத் தூக்கத்தை நெனச்சா உடம்பு கூசுது.”

தொபியாஸ் பொய் சொல்லவில்லை, புரிந்ததைச் சொன்னான். டீச்சர் பொய் சொன்னார்; அதனால்தான் அவள் தூங்கினாள். அலுவலகத்துக்காரர் உண்மையைச் சொன்னார். அவள் நெஞ்சை உடைத்தது அந்த உண்மைதான். இந்த மூவரில் அவளுக்கு நியாயம் செய்தவர் யார்?

விடை: அலுவலகத்துக்காரர்தான். தொபியாஸின் பிழை அறியாமையில் இல்லை. அந்தச் சொல்லில் தடுக்கி நின்றபோது, ‘இது எனக்கு விளங்கவில்லை’ என்று சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. டீச்சரின் இரக்கம் மெய்யானது. ஆனால் வருவது அவரா சாமானா என்று அமலோற்பவம் நேருக்கு நேர் கேட்டுவிட்டாள். கேட்டபின் அந்த உண்மை அவளுடையது. அதை ஒரு பொழுதேனும் பூட்டிவைக்க மற்றவருக்கு உரிமை இல்லை. தாங்குவதற்கு வழி செய்வதுதான் பிறர் செய்யக்கூடியது. துணைக்கு ஆள் இருக்கிறாரா என்று கேட்டு, உட்காரவைத்து, பிறகு சொன்னவர் அதைச் செய்தார். டீச்சரும் வருவது உடம்புதான் என்று சொல்லிவிட்டு, அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருக்கலாம். தூக்கம் வந்திருக்காது. ஆனாலும் அந்தப் பகல் அவளுடையதாக இருந்திருக்கும்.