சாம்பியின் வயிற்றுக்குள் யார்?

மூங்கில் குட்டைக் கரையில் சாம்பி என்றொரு பெண் கடமான் இருந்தாள். அவளுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது.

ஓர் இலை விழுந்தால், "யார் உதிர்த்தது?" என்று திரும்பிப் பார்ப்பாள். தண்ணீர் குடிக்கும் முன்னும் மோந்து பார்ப்பாள், குடித்த பின்னும் மோந்து பார்ப்பாள். தங்கை மருதி வாய் வைத்த இடத்தில் வாய் வைக்கவே மாட்டாள்.

"நான் என்னக்கா செஞ்சிடப் போறேன்?" என்பாள் மருதி.

"யாருக்குத் தெரியும்!" என்பாள் சாம்பி.

இந்தச் சந்தேகத்தால் கூட்டத்துக்கு நன்மையும் இருந்தது. புலி பதுங்கிய புதரை முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தான். காலைத் தரையில் உதைத்து அவள் குரல் கொடுத்தால் போதும், எல்லா மான்களும் ஓடித் தப்பிவிடும். அதனால் அவளை யாரும் கடிந்துகொள்வதில்லை.

கோடை தொடங்கும்போது அவளுக்கு ஒரு குட்டி பிறந்தது. அதோடு சந்தேகமும் வளர்ந்தது.

குட்டைக்கு எதிரே ஒரு பட்டமரம். அதில் கூனன் என்ற பிணந்தின்னிக் கழுகு குடியிருந்தான். சாம்பியின் காவல் நன்றாக இருந்ததால் புலிக்கு இரை கிடைக்கவில்லை. புலிக்குக் கிடைக்காததால் கூனனுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. பசியோடு மரத்தில் உட்கார்ந்து சாம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் மெல்லக் கீழே இறங்கி வந்தான்.

"சாம்பியம்மா, அருமையாக் காவல் காக்கிறீங்க!"

"உனக்கென்ன அதைப் பத்தி?" என்று சாம்பி பின்வாங்கினாள்.

"ஒண்ணுமில்லை. வெளியே நீங்க காவல். உள்ளே யாரு காவல்?"

"எங்கே உள்ளே?"

"உங்க வயித்துக்கு உள்ளே!"

சாம்பியின் காதுகள் விடைத்தன. "பிணம் தின்கிற நீ எனக்கு யோசனை சொல்ல வர்றியா?"

"பிணம் தின்கிறதாலதான் சொல்ல வர்றேன்," என்றான் கூனன் பணிவாக. "நான் யாரையும் கொல்றதில்லை. என் நகத்தைப் பாருங்க, எவ்வளவு மழுங்கல்! புலி தொடையைத் தின்னுட்டுப் போயிடும். குடலும் இரைப்பையும்தான் எனக்கு மிச்சம். இந்தக் காட்டிலே வயித்துக்குள்ளே எட்டிப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். அங்கே என்ன இருக்குன்னு சொல்லட்டுமா, வேண்டாமா?"

வேண்டாம் என்று சொல்லச் சாம்பியால் முடியுமா? "சொல்லு!" என்றாள்.

"பூச்சிங்க! பொடிப்பொடியா, கோடிகோடியா! என் கண்ணுக்குத்தான் கொஞ்சம் தெரியும். நீங்க மென்னு விழுங்குற புல்லு முதல்லே அதுங்க வாய்க்குத்தான் போகுது. அதுங்க தின்ன மிச்சம்தான் உங்களுக்கு!"

அந்த நேரம் பார்த்துச் சாம்பியின் வயிறு கடமுடவென்று உருண்டது.

"கேட்டீங்களா? பேசிக்கிறாங்க!" என்று கிசுகிசுத்துவிட்டுக் கூனன் பறந்துபோனான்.

சாம்பிக்கு அன்று மேய்ச்சலே ஓடவில்லை. ஒவ்வொரு வாய் புல்லையும் யாரோ உள்ளேயிருந்து பிடுங்கிக்கொள்வது போல இருந்தது. நேராக மருதியிடம் போனாள்.

"மருதி, உன் வயிறு பேசுமா?"

"ஏன் பேசாது? எல்லார் வயிறும் பேசும்."

"அப்போ உனக்குத் தெரியும்! தெரிஞ்சும் என்கிட்டே மறைச்சிருக்கே!"

"வயிறு கடமுடங்கிறதை ஒரு சேதின்னு ஓடிவந்து சொல்வாங்களாக்கா?" என்று மருதி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பும் சாம்பிக்குச் சரியாகப் படவில்லை. இவளும் கூட்டாளியோ? மறுநாள் பட்டமரத்தடிக்குத் தானே போய் நின்றாள்.

"வைத்தியரே, அதுங்களை விரட்ட வழி சொல்லுங்க!"

வைத்தியர் என்று கேட்டதும் கூனன் கழுத்தை நீட்டிக்கொண்டான். "சரிவிலே ஒரு மரம் இருக்கு. கசப்புக்குப் பயந்து எந்த மிருகமும் அதுகிட்டே போகாது. அதோட பட்டையைத் தின்னுங்க. பூச்சி செத்துடும். புல்லையும் முரட்டு இலையையும் தொடவே கூடாது. அதுதான் அதுங்களுக்குத் தீனி! இனிப்பான பழமா மட்டும் பார்த்துத் தின்னுங்க."

சாம்பி அப்படியே செய்தாள். பட்டையின் கசப்பில் நாக்கு மரத்துப்போனது. பிறகு உதிர்ந்த அத்திப்பழங்களைத் தின்றாள். வயிறு கலங்கிக் கழிச்சல் கண்டது. அப்புறம் வயிறு மெல்ல மெல்ல அடங்கி, ஒருநாள் சத்தமே இல்லாமல் போனது.

"எல்லாரும் ஒழிஞ்சாங்க!" என்று சாம்பி துள்ளினாள். "இனி நான் தின்கிறது எல்லாம் எனக்கே!"

ஆசை தீர ஒரு புல்திட்டு முழுவதையும் மேய்ந்தாள். தின்ற புல் வயிற்றில் கல்லைப் போல உட்கார்ந்துகொண்டது. அசை போட நினைத்தால் மேலே வரவில்லை. வயிறு உப்பியது. ஆனால் உடம்பு இளைத்தது. முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. ரோமம் கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. குட்டி முட்டி முட்டிக் குடித்தும் பால் போதவில்லை.

"அக்கா, அந்தக் கழுகு பேச்சை விடு!" என்று மருதி கெஞ்சினாள்.

"நான் திருடனை விரட்டினா உனக்கென்ன வலிக்குது?" என்று சாம்பி சீறினாள். தங்கை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கூனன் மட்டும் தவறாமல் வந்து விசாரித்தான். "வயிறு உப்பியிருக்கா? அப்போ இன்னும் சில பேர் ஒளிஞ்சிருக்காங்க. பட்டையைக் கூட்டிக்குங்க!" என்றான். இன்னொரு நாள், "வழக்கமா எந்தப் பக்கம் சாய்ஞ்சு படுப்பீங்க?" என்று கேட்டான்.

"எதுக்கு?"

"எல்லாம் வைத்தியத்துக்குத்தான்."

பட்டமரத்தில் இப்போது கூனனைப் போலவே பல கழுகுகள் வந்து உட்கார்ந்திருந்தன.

"அவங்கெல்லாம் யாரு?" என்று கேட்டாள் சாம்பி.

"நம்ம சொந்தக்காரங்க. உங்களைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்திருக்காங்க."

இலை விழுந்தாலே சந்தேகப்படுகிற சாம்பிக்கு இதில் சந்தேகம் வரவில்லை. அவளுடைய சந்தேகம் முழுவதும் தன் வயிற்றைக் காவல் காக்கப் போயிருந்தது.

ஒரு மாலையில் புலி வந்தது. அன்று குரல் கொடுத்தவள் மருதி. கூட்டம் சிதறி ஓடியது. சாம்பிக்குக் கால் எழவில்லை. குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு குட்டைக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். புலி கரையில் உலாத்திவிட்டுப் போனது. அவள் கரையேறி அப்படியே சரிந்து விழுந்தாள்.

கூனன் உடனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். குட்டி அங்கே ஒரு புல்நுனியைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, குட்டியும் புல்லு கடிக்க ஆரம்பிச்சிடுச்சா? அதுக்கும் பட்டையைக் கொடுத்துடுங்க!" என்றான்.

சாம்பி தலையைத் தூக்கினாள். குட்டி என்றதும் அவளுடைய பழைய சந்தேகம் கண் விழித்தது.

"குட்டி வயித்துக்குள்ளே அதுங்க எப்படிப் போச்சு?"

"நீங்க நக்கிக் கொடுத்தீங்களே, அந்த எச்சில்லேதான்."

"எனக்கு?"

"உங்கம்மா நக்கினப்போ."

"எங்கம்மாவுக்கு?"

"அவங்கம்மா கொடுத்தது."

பெற்ற பிள்ளைக்கு எந்தத் தாயாவது திருடனைப் பிடித்துக் கொடுப்பாளா? அதுவும் எல்லாத் தாய்களுமா? சாம்பி யோசித்தாள்.

"வைத்தியரே, நீங்க பார்த்ததிலே பூச்சியே இல்லாத வயிறு உண்டா?"

"ஒண்ணுகூடக் கிடையாது!" என்றான் கூனன் பெருமையாக.

"கொழுத்த மான் வயித்திலே?"

"இருந்தது!"

"கிழடாகி, பல்லு தேய்ஞ்சு செத்த மான் வயித்திலே?"

"அதிலேயும் இருந்தது!"

"அப்படின்னா அதுங்களை வெச்சுக்கிட்டேதான் அவங்க கிழடாகிற வரைக்கும் வாழ்ந்திருக்காங்க."

கூனன் சிறகைக் கோதிக்கொண்டான்.

"இன்னொண்ணு கேட்கிறேன். உயிரோட இருக்கிற மிருகத்தோட வயித்துக்குள்ளே எப்பவாவது பார்த்திருக்கீங்களா?"

"அது... அது எப்படிப் பார்க்க முடியும்?"

"அப்போ அதுங்க அங்கே திருடுதா, வேலை செய்யுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சாம்பி பட்டமரத்தை அண்ணாந்து பார்த்தாள். கிளைக்குக் கிளை மொட்டைத் தலைகள். எல்லாத் தலைகளும் அவள் பக்கமே திரும்பியிருந்தன.

"சொந்தக்காரங்க எதுக்கு வந்திருக்காங்கன்னு இப்போ புரியுது!" என்று முழு பலத்தையும் கூட்டி எழுந்து நின்றாள். "குட்டியைத் தொட்டே, மிதிச்சே கொன்னுடுவேன்!"

கூனன் எம்பிப் பறந்தான். சாம்பி விழுந்தும் எழுந்தும் குட்டியோடு மருதியிடம் போய்ச் சேர்ந்தாள்.

"மருதி, தப்புப் பண்ணிட்டேன். புல்லு உள்ளே போகுது, ஆனா உடம்பிலே ஒட்டலை. அதைக் கரைச்சுக் கொடுத்தவங்களை நானே கொன்னுட்டேன் போலிருக்கு."

மருதி அவள் உப்பிய வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

"என் பையனுக்கும் முதல்லே புல்லு ஒத்துக்கலைக்கா. நான் அசை போடும்போது என் வாயிலிருந்து நக்கி நக்கித் தின்னுதான் தேறினான். நான் அசை போட்டதைத் தர்றேன். ஆனா..." என்று தயங்கினாள். "நான் வாய் வெச்ச தண்ணியையே நீ குடிக்க மாட்டியே!"

சாம்பிக்குப் பழக்கம் விடவில்லை. தங்கை நீட்டிய பச்சைக் கவளத்தை ஒருமுறை மோந்து பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

நம் வீட்டில் பாலில் உறைமோர் ஊற்றுகிறோம் அல்லவா? ஒரு கரண்டி மோரில் இருக்கும் உயிர்கள் பெருகிப் பால் முழுவதையும் தயிராக்கிவிடுகின்றன. மருதியின் கவளத்தில் இருந்தவையும் அப்படித்தான் சாம்பியின் வயிற்றில் பெருக ஆரம்பித்தன.

"இனிமே பழத்தையே தின்னுட்டு இருக்காதே," என்றாள் மருதி. "உள்ளே வந்தவங்களுக்கும் சாப்பாடு வேணும். கொஞ்சம் கொஞ்சமாப் புல்லு கடி."

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாள் வயிறு வலித்தது. சில நாள் தின்றது அப்படியே வெளியே வந்தது. மருதி மறுபடி மறுபடி கவளம் கொடுத்தாள். ஒரு காலையில் சாம்பி படுத்திருந்தபோது, தின்ற புல் தானாக வாய்க்கு மேலேறி வந்தது. அவள் அசை போட்டாள். வயிறு கடமுடவென்று உருண்டது.

"பேசறாங்க மருதி! பேசறாங்க!" என்று கத்தினாள். மருதி ஓடிவந்து காது வைத்துக் கேட்டுவிட்டு அவள் முகத்தை நக்கினாள்.

மழைக்காலம் வந்தபோது சாம்பியின் எலும்பெல்லாம் மறைந்து புது ரோமம் பளபளத்தது. குட்டி வயிறு முட்டப் பால் குடித்தது. பட்டமரத்தில் காத்திருந்து அலுத்த சொந்தக்காரர்கள், கூனனைத் திட்டிக்கொண்டே ஒவ்வொருவராக வேறு காட்டுக்குப் பறந்தார்கள். கூனனும் கடைசியில் அவர்கள் பின்னாலேயே போனான்.

மானோ மனிதரோ, வயிற்றுக்குள் நமக்காக உழைக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கு நல்ல தீனி போட்டுக் காப்பாற்ற வேண்டும். சந்தேகப்படுவதாக இருந்தால், அவற்றைப் பகையென்று சொல்லி மருந்து நீட்டுகிறவருக்கு அதில் என்ன லாபம் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.