கேளிச்சோலைக்குப் பாலாலயம்

மருதங்காட்டை ஆண்ட கொழுந்தன் மாறர் என்னும் மன்னருக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, நகருக்கு வெளியே அவர் அமைத்திருந்த கேளிச்சோலை. மற்றொன்று, அவருடைய அவைப்புலவராகிய நான், பெருந்தேவி. அவ்வாண்டு இரண்டிலும் காரை பெயர்ந்தது.

சோலையில் துதிக்கையால் நீர் பீய்ச்சும் மரயானை உண்டு. மாடுகள் இழுத்துச் சுற்றும் இராட்டினம் உண்டு. நடுவே குளம், குளக்கரையில் விருந்தினர் மாளிகை. இளவரசிக்குக் கொற்றிகோட்டு இளவரசரை நிச்சயித்த அன்று, திருமணம் முடியும்வரை சம்பந்திகள் கேளிச்சோலை மாளிகையிலேயே தங்குவார்கள் என்று அரசர் நிறைந்த அவையில் வாக்களித்தார். அந்த வாக்கைச் செய்யுளாக்கிச் சம்பந்திகளுக்கு அனுப்பியவள் நான். குளத்தைப் பளிங்கு என்றேன். யானையை ஐராவதம் என்றேன். இரண்டையும் நேரில் சென்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உவமைக்குக் கண் எதற்கு?

வாக்களித்த மகிழ்ச்சியிலேயே, திருமணத்திற்குள் சோலை முழுவதையும் புதுப்பிக்கும்படியும் அரசர் ஆணையிட்டிருந்தார். இரண்டு கட்டளைகளும் ஒரே இடத்தில் சந்திக்கும் என்பதை அவையில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்ப்பதற்கென்றே ஊதியம் பெற்ற நானும் எண்ணவில்லை.

சம்பந்திகள் வந்து இறங்கியபோது குளம் வற்றிக் கிடந்தது. இராட்டினத்தை ஈர்க்க வேண்டிய மாடுகள் சுண்ணாம்புச் செக்கை இழுத்துக்கொண்டிருந்தன. விருந்தினருக்குத் துணையாக என்னையும் அங்கேயே தங்கச் சொன்னார் அரசர். விடியலில் உளி, நண்பகலில் சம்மட்டி, மாலையில் இரண்டும். சாந்தில் சேர்ப்பதற்காகக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் வாசலில் ஒரு தொட்டி நிறைய இருந்தது. வரவேற்புப் பானகம் என்று எண்ணி மாப்பிள்ளையின் தாய்மாமன் அதைச் செம்பு செம்பாக அருந்திவிட்டார். கடுக்காயின் குணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. மருத்துவர் விளக்கினார்.

மாப்பிள்ளையின் தாயார் காளத்தியம்மை என்னை அழைத்து அருகில் உட்காரவைத்தார்.

"புலவரம்மா, ஐராவதத்தைக் கண்டேன். தலையைக் காணோமே?"

தலை தச்சரிடம் இருக்கிறது என்றேன்.

"உங்கள் செய்யுளும் அவரிடந்தான் பழுது பார்க்கப் போயிருக்கிறதோ? தாயே, இன்று பொழுது சாய்ந்த பிறகும் என் காதில் உளிச்சத்தம் விழுந்தால், காலையில் தேர் பூட்டச் சொல்லிவிடுவேன். மாப்பிள்ளையும் எங்களோடுதான் வருவான்."

அந்த அம்மையார் சொன்னால் செய்கிறவர். இளவரசியின் திருமணம் ஓர் உளியின் நுனியில் நின்றது. நான் அரண்மனைக்கு விரைந்தேன். செய்தியைக் கேட்ட அரசர் முகம் வெளுத்தார், ஆயினும் வளையவில்லை. நல்ல நேரம் பார்த்துத் தொடங்கிய வேலையை நிறுத்த முடியாது. நிறுத்தினால் திருமணமே தலையில்லாத யானையின் முன்தான் நடக்கும். விருந்தினரை வேறிடம் மாற்றவும் முடியாது. அவையில் கொடுத்த வாக்குப் பொய்க்கும்.

"வேலையும் நிற்கக் கூடாது, அவர்கள் மாளிகையை விட்டு நீங்கவும் கூடாது, சத்தமும் கேட்கக் கூடாது. வழி சொல்லும். இல்லையேல் அவைக்கு வேறு புலவரைத் தேடிக்கொள்கிறேன்" என்றார்.

நான் சற்று நேரம் ஆழ்ந்து சிந்திப்பவள்போல் நின்றேன். உண்மையில் தலைமுடியில் இருந்த சுண்ணாம்பை உதிர்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அது தோன்றியது.

"அரசே, சென்ற ஆண்டு ஈசன் கோயிலில் திருப்பணி நடந்தபோது இறைவன் எங்கே இருந்தார்?"

"பாலாலயத்தில். அவருடைய சாந்நித்தியத்தைக் குடத்து நீரில் இறக்கி, சிறு கொட்டகைக்குக் கொண்டுபோய் எழுந்தருளச் செய்தோம். குடத்தை நானே தொட்டுக் கொடுத்தேனே."

"அப்போது பழைய கருவறை?"

"வெறுங்கல். குடம் இருக்கும் இடந்தான் கோயில். இது குழந்தைக்கும் தெரியும், புலவரே."

"குழந்தைக்குத் தெரிந்தது எனக்கும் தெரியட்டும் என்றுதான் கேட்டேன்" என்று வணங்கி வெளியே வந்தேன்.

பொழுது சாய்வதற்குள் குருக்களை அழைத்துச் சென்றேன். மாளிகைக் கிணற்று நீரால் குடம் நிறைந்தது. மாளிகைத் தூணிலிருந்து தருப்பைக் கயிறு குடத்திற்கு வந்தது. மேளம் முன்னே செல்ல, குடம் நடுவே செல்ல, சம்பந்திகள் பெட்டி படுக்கைகளுடன் பின்னே வந்தார்கள். தாய்மாமன் பல்லக்கில் வந்தார். அரசரின் பள்ளிமாடத்தில், அவருடைய கட்டிலின் தலைமாட்டில் குடத்தை இறக்கினோம்.

அரசர் ஓடிவந்தார். "என்ன இது?"

"கேளிச்சோலை மாளிகை, அரசே. சம்பந்திகள் அதிலேயே தங்கியிருக்கிறார்கள். அவர்கள் அதைவிட்டு ஓர் அடியும் நீங்கவில்லை. அதுதான் இடம் மாறியிருக்கிறது. அங்கே வேலையும் நடக்கிறது."

காளத்தியம்மை கட்டிலில் அமர்ந்து மெத்தையை அழுத்திப் பார்த்தார். செய்யுளில் சொன்னதைவிட நன்றாகவே இருக்கிறது என்றார். தேர் பூட்டும் பேச்சு அதோடு முடிந்தது.

"நான் எங்கே படுப்பது?" என்றார் அரசர்.

"உலகாளும் ஈசனே ஓராண்டு கொட்டகையில் இருந்தார். தங்களுக்கு ஒரு மாதம் போதாதா?"

அரசர் சிரித்தார். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சம்பந்தியம்மையும் சிரித்தார். எனக்குப் பொற்சிவிகை கிடைக்கும் என்று நான் நிமிர்ந்து நின்றேன்.

"பரிசு தராமல் விடமாட்டேன்" என்றார் அரசர். "மாளிகையே இங்கே வந்துவிட்டதென்றால், அங்கே இடிக்கவும் கட்டவும் மாளிகை ஏது? மாளிகை இல்லாத இடத்தில் சத்தம் ஏது, தூசி ஏது? திருமண வாழ்த்துப்பா இயற்ற அதைவிட அமைதியான இடம் இந்த நாட்டில் இல்லை. குடமுழுக்குவரை அது முழுவதும் உமக்கே."

திரும்பிச் சென்று, சம்மட்டிக்கும் செக்குக்கும் நடுவே ஏட்டை விரித்து அமர்ந்தேன். என் வாதத்தை முதலிலிருந்து சரிபார்த்தேன். எங்கும் ஒரு பிழையும் இல்லை.

பிறகு தும்மினேன்.