உலுக்கன் ஆட்டின தூளி

ஏய் கயலு, செவுத்த உதைச்சது போதும், கால மடக்கு. கதை வேணுமா, செவுரு வேணுமா? கதையா? அப்ப அத்தைக்கு 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா நான் தூங்கிருவேன், பாத்துக்க.

ஒரு ஊர்ல ஒரு பூதம் இருந்துச்சு. பேரு உலுக்கன். நல்ல மனசு, ஆனா கை சும்மா இருக்காது. எதைத் தொட்டாலும் மொத்த பலத்தையும் போட்டுரும். புளி உலுக்கிக் குடுடான்னு கூப்பிட்டாங்க. உலுக்குச்சு பாரு, மடமட மடார்னு மரமே வேரோட சாஞ்சுருச்சு. அப்புறம் சேத்துல மாட்டுன வண்டியத் தள்ளச் சொன்னாங்க. தள்ளுன தள்ளுல கடகடன்னு ஓடி, அடுத்த ஊரு கம்மாயில தொபுக்கடீர்!

"ம்."

அப்போ ஊர்த்தலைவரு ஒச்சப்பன் வந்து, "பொழுது சாயறதுக்குள்ள ஊரவிட்டுக் கெளம்பிரு"ன்னுட்டாரு. பூதம் எங்க போகும்? அதுக்கு இந்த ஊர விட்டா வேற ஊரு தெரியாது. தெருவுல உக்காந்து ஓன்னு அழுதுச்சு. சொல்லும்போதே எனக்குக் கஷ்டமா இருக்கு.

அப்போ பாத்து அந்தத் தெருவுல இருந்த சீனியம்மா வீட்டவிட்டு ஓடியாறா. அவ ஆட்டுக்குட்டி கெணத்துல விழுந்துருச்சு. வீட்டுல கைப்பிள்ள தூளியில சிணுங்குது, பாத்துக்க ஆளில்ல.

"நான் ஆட்டுறேன்"னுச்சு பூதம்.

"நீயா!" அவளுக்குப் பகீர்னுச்சு. ஆனா வேற வழி? "பிள்ளயத் தூங்க வெச்சுட்டா, உன்னைய இருக்கச் சொல்லி நானே ஊர்ல பேசுறேன். அழுக வெச்ச, நானே மொத ஆளா தொரத்துவேன்."

சொல்லிட்டு ஓடிட்டா. பூதம் தள்ளுச்சு ஒரு தள்ளு. தூளி விர்ர்ர்ருன்னு போயி, விட்டம் குலுங்கி கூரை ஓடு நாலு கலகலன்னு ஆடிருச்சு. பாப்பா "ங்ங்ஙே!"

"பாப்பாக்கு அடியா அத்தை?"

அடியெல்லாம் இல்ல, பயந்துருச்சு. அப்புறம் பூதம், சரி மெதுவாத் தள்ளுவோம்னுச்சு. ஆனா அவசரம்! தூளி தன் பக்கம் வந்துக்கிட்டு இருக்கும்போதே கைய நீட்டிருச்சு. தூளி வருது, கை போகுது, ரெண்டும் நடுவுல முட்டி லொடக்! தூளி நின்னேபோச்சு. அழுகைச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு.

இந்தா, என் முந்தானையில முடிஞ்ச சாவி தொங்குது பாரு, இதான் தூளி. தள்ளு. அட, வரும்போது தட்டாதடி! நின்னுபோச்சா? உலுக்கனுக்குத் தங்கச்சி நீ. வரட்டும் விடு. வந்து, நின்னு, திரும்பும்ல, அப்பத் தொடு. ஆங்... எவ்ளோ தூரம் போகுது பாரு!

"ஆமா அத்தை!"

பூதமும் கண்ணத் தொடச்சுக்கிட்டு தூளியவே உத்துப் பாத்துச்சு. அப்புறம் ஒரு கைய தொடைக்கு அடியில வெச்சு, அது மேலயே உக்காந்துக்கிச்சு. இல்லாட்டி அந்தக் கை சும்மா இருக்காதே! தூளி வருது... பொறு. வருது... பொறு. ஒடம்பெல்லாம் பரபரங்குது, காலு தாளம் போடுது. தூளி வந்துச்சு, நின்னுச்சு, திரும்புச்சு. இன்னொரு கையோட சுண்டுவிரலால ஒரே ஒரு தொடு. கிரீச்... கிரீச்... பாப்பா அழுகை விக்கலாச்சு, விக்கல் கொட்டாவியாச்சு.

ஆனா அழுகைச் சத்தங் கேட்டு ஊரே தொடப்பமும் கம்புமா ஓடியாருது. ஒச்சப்பன் வாசல்ல நின்னு கம்ப ஓங்கிட்டாரு. பூதம் திரும்பக்கூட இல்ல. ஆட்டுறத விட்டா பிள்ள முழிச்சுக்குமே!

"உஸ்ஸ்ஸ்..."

அவ்ளோதான் சொல்லுச்சு. ஒச்சப்பன் உள்ள எட்டிப் பாத்தாரு. கம்பத் தாழ்த்துனாரு. செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, அப்படியே வாசல்ல குத்தவெச்சு உக்காந்தாரு. அவரு பின்னால ஊரே குத்தவெச்சுச்சு.

"ம்..."

சீனியம்மா நனைஞ்ச குட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு வாறா. வாசல்ல இம்புட்டுக் கூட்டம்! "ஐயோ, என்னாச்சு?"ன்னு கத்துனா.

ஒச்சப்பன் அவள மொறைச்சாரு. "சத்தம் போடாத. நம்ம பூதம் பிள்ளயத் தூங்க வெக்குது."

ஊரே வாய மூடிருச்சு, கதையும் மூடிருச்சு. நீயும் கண்ண மூடு கயலு... உஸ்ஸ்ஸ்.