நடுங்காத ஆடு

கடலுக்கு அந்தாண்டை, யவன தேசத்துல, ஒரு மலைமேல ஒரு குறிக்கோயில் இருந்துச்சாம். அங்க குறி சொல்றவ பேரு தியானோ. பாறை வெடிப்புக்கு மேல முக்காலி போட்டு உட்காருவா, கீழேருந்து புகை வரும், அப்புறம் சாமி அவ வாயால பேசும்.

ஆனா நெனச்ச நேரமெல்லாம் உள்ள போக முடியாது. முதல்ல ஒரு ஆட்டு மேல சுனைத் தண்ணிய ஊத்தணும். நம்ம ஊருல கெடா தலையாட்டினாத்தானே சாமி உத்தரவு? அங்க குளம்புலேருந்து காது வரைக்கும் நடுங்கணும். நடுங்கலேன்னா சாமி ஊருல இல்ல. மீறி உள்ள போனா உசிரு தங்காது. தியானோவுக்கு முன்னாடி இருந்தவ அப்படிப் போனவதான், திரும்பி வரல.

ஒருநாள் ஒரு ராஜா, படையெடுக்கலாமான்னு குறி கேட்க வந்தான். அவன்கிட்ட நல்ல பேரு வாங்கணும்னு பூசாரி பிலோனுக்கு ஆசை. ஒரு குடம் ஊத்தினான், ஆடு நடுங்கல. அப்புறம் இன்னொரு குடம் ஊத்தினான், ஆடு தழையத் தின்னுச்சு. அப்புறம் மூணாவது குடம், ஆடு கொட்டாவி விட்டுச்சு. சிரிக்காதே, கேளு.

"நடுங்கிடுச்சு, உள்ள போ"ன்னான் பூசாரி.

"எங்க பெரியவரே நடுங்குச்சு? நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"நீ பார்க்கறப்ப நின்னுடுச்சு. போடி, ராஜா காத்திருக்கார்!"

தியானோ வாசல்லயே காலூன்றி நின்னா. "ராஜா கண்ணு முன்னாடி நடுங்கட்டும், போறேன்"னா.

ராஜாவும் வந்து நின்னான். பூசாரி இன்னொரு குடத்த ஊத்திக்கிட்டே, அங்கிக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்த முள்ளால ஆட்டுக்குப் பின்னாடி ஒரு குத்து குத்தினான். ஆடு சும்மா இருக்குமா? திரும்பி முட்டுச்சு பாரு ஒரு முட்டு! பூசாரி சுனைக்குள்ள தொபுக்கடீர்! பனி உருகின தண்ணி. ஏறி வந்தான், கால்லேருந்து காது வரைக்கும் வெடவெடன்னு நடுங்கறான்.

"ராஜா, நடுங்கினது இவருதான். இவரையே உள்ள அனுப்புங்க"ன்னா தியானோ.

"அதுவும் சரிதான். போய்யா உள்ள!"

"ஐயோ வேண்டாம் ராஜா! ஆடு நடுங்கவே இல்ல, இன்னிக்குப் போனா செத்துடுவேன்!"

"அப்ப, தெரிஞ்சேதான் இந்தப் பொண்ணத் தள்ளப் பார்த்தியா?"

அன்னிலேருந்து பிலோனுக்கு ஆடு மேய்க்கிற வேலை, அதுவும் அந்த முட்டுற ஆட்ட. ராஜாவும், "சாமியே ஊருல இல்ல, எனக்கு என்ன சண்டை?"ன்னு திரும்பிட்டான். படைவீரனெல்லாம் அப்பாடான்னு வீட்டுக்கு ஓடினான்.

எல்லாரும் போனப்புறம் தியானோ ஆட்டுக்குக் கை நிறையத் தழைய நீட்டினா. ஆடு அதத் தின்னுட்டு அந்தக் கைய நக்குச்சு.

பொய் சொன்னவன் மலையடிவாரத்துல, பொழைச்சவ மலையுச்சியில. ஆடு மேயப் போயாச்சு, நீ தூங்கப் போ.