கத்தரிப்பூச் சேலையும் மூணு தோட்டமும்

சரி, படு. காலை நீட்டிக்கோ. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" போடணும். "ம்" நின்னுபோச்சுன்னா நீ தூங்கிட்டேன்னு அர்த்தம், நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தாளாம். பேரு பூரணி. ஊரு மெட்ராஸ். அவ வீட்டுக்காரர் நாச்சிமுத்து கோபிங்கற ஊர்ப் பக்கம், வேலைக்கு மெட்ராஸ் வந்தவரு. அவங்களுக்கு உன்னாட்டமே ஒரு வாலு, பேரு தாமரை.

பூரணிக்கு ஒரே ஒரு குறை. லீவு விட்டா போதும், நாச்சிமுத்து சொந்தக்காரங்க பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்துடுவாங்க. எல்லாரும் பீச்சுக்குப் போவாங்க, ஜூவுக்குப் போவாங்க, இவ மட்டும் அடுப்படியில நிப்பா. இவ வைக்கிற வத்தக்குழம்பு அவ்வளவு ருசி, அதுவே அவளுக்கு வினையாப் போச்சு. நல்லா சமைக்கிறவள யாரு வெளியில விடுவா, சொல்லு. ம்?

அப்புறம் ஒரு பங்குனி மாசம் பூரணி சொன்னா, "ஏங்க, இந்தத் தடவ நாம போவோம். சித்திரையில மூணு நாள், மூணு தோட்டம். பூவாப் பார்க்கணும். ஒரு இடத்துல கையக் கட்டிக்கிட்டு உட்காரணும். அவ்வளவுதான்."

நாச்சிமுத்து முகம் அப்படியே மலர்ந்துபோச்சு. "தோட்டமா? எங்க பக்கமே மூணு இருக்கே. நான் பேசிடறேன்."

"டிக்கெட் எடுக்கணுமா?"

"நம்ம ஆளுங்கதான், டிக்கெட்டு எதுக்கு?"

"பூ நிறைய இருக்குமா?"

"பூ இல்லாம காய் எப்படி வரும்?"

"உட்கார பெஞ்சு?"

"கட்டிலே போடுவாங்க."

அங்கயே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வரல. சந்தோஷம் காத அடைச்சுடும் கண்ணு. அவ போய் கத்தரிப்பூ கலர்ல ஒரு புதுச் சேலை எடுத்தா, மூணாவது நாள் கட்டிக்கறதுக்குன்னு.

அப்புறம் ரயில்ல ஏறினாங்க. தடக் தடக், தடக் தடக். விடிஞ்சு இறங்கி, பஸ் புடிச்சு, மொதத் தோட்டத்துக்குப் போனாங்க. பார்த்தா, கேட்டும் இல்ல, பூவும் இல்ல. பூராவும் தென்னை மரம். தொப்புனு ஒரு தேங்கா விழுந்துச்சு. நாச்சிமுத்தோட பெரியப்பா வீட்டுத் தோட்டமாம்.

"பூ எங்கங்க?"ன்னா பூரணி.

"அண்ணாந்து பாரு, தென்னம்பாளை வெடிச்சிருக்கு"ன்னாரு அவரு.

அதுக்குள்ள பெரியம்மா வந்து, "வா கண்ணு, மெட்ராஸ்ல வெச்சயே ஒரு வத்தக்குழம்பு, அத இன்னைக்கு வெச்சுப்போடு"ன்னு கையப் புடிச்சு அடுப்படிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அன்னைக்குப் பொழுது அங்கயே போச்சு.

ம்? முழிச்சிருக்கியா? நல்லது.

அப்போ ரெண்டாம் நாள் மாமா தோட்டம். அது வாழை. சளசளன்னு வாய்க்கா ஓடுது. "பூ இருக்குங்களா மாமா?"ன்னு பூரணி கேட்டுட்டா. "அதுக்கென்ன கண்ணு"ன்னு அவரு தொம்முனு நாலு வாழைப்பூவக் கொண்டாந்து அவ மடியில வெச்சாரு. அத யாரு ஆயறது? கேட்டவதான் ஆயணும். ஒவ்வொரு பூவாப் பிரிச்சு, நடுவுல இருக்கற நரம்பக் கிள்ளிக் கிள்ளி, பத்து விரலும் கறையாப்போச்சு. அப்புறம் அதே வத்தக்குழம்பு வேற.

சாயங்காலம் பம்ப்செட்டுக்குப் பின்னால போய் நின்னு விசும்பி விசும்பி அழுதா. தாமரை பார்த்துட்டு அப்பாகிட்ட ஓடினா. "அப்பா, அம்மா சொன்னது பார்க்கு. பூச்செடி, புல்லு, பெஞ்சு. நீங்க வேற எங்கயோ கூட்டிட்டு வந்துட்டீங்க."

நாச்சிமுத்துக்கு அப்பத்தான் உறைச்சுது. அவங்க ஊர்ல தோட்டம்னா கிணறு வெட்டி வெள்ளாமை பண்ற நிலம். அவரு பொறந்ததுலேர்ந்து வேற தோட்டம் அவரு காதுல ஏறினதே இல்ல. ஆறு வருஷமா ஒரே வீட்டுல குடித்தனம், ஒரு வார்த்தைக்கு ஆளுக்கொரு அர்த்தம். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? இந்த ஆம்பளைங்க கேக்கறதே இல்ல, அதான் எனக்குக் கோவம்.

அவரு போய் அவ பக்கத்துல நின்னாரு. "தப்பு என்னுதுதான் பூரணி. நாளைக்கு அத்தை தோட்டம், வரலேன்னு சொல்லிடட்டுமா?"

பூரணி மூக்க உறிஞ்சிக்கிட்டா. "வேண்டாம். பாவம், காத்துக்கிட்டு இருப்பாங்க. போறது பெருசில்லங்க. அங்கயும் அதே அடுப்புதானே."

அவரு ராத்திரி பூராவும் புரண்டு புரண்டு படுத்தாராம்.

மூணாம் நாள். பூரணி புதுச் சேலையக் கட்டிக்கிட்டா, எடுத்தாச்சேன்னு. போனவுடனே செல்லாயி அத்தை வாசல்லயே, "வா கண்ணு, அந்த வத்தக்குழம்பு..."ன்னு ஆரம்பிச்சாங்க.

அப்போ நாச்சிமுத்து சட்டைக் கையச் சுருட்டினாரு. "அத்தை, இன்னைக்குக் குழம்பு நான் வெக்கறேன். இவ உட்காரட்டும்."

அத்தை அவர மேலயும் கீழயும் பார்த்தாங்க. "நீயா? செரி சாமி. இருக்கற வயசுக்கு இதையும் பார்த்துப்போடறேன்"னு சொல்லி, வேப்பமரத்தடியில கயித்துக் கட்டில டொக்குனு போட்டாங்க.

பூரணி உட்கார்ந்தா. மொதல்ல கை ரெண்டும் சும்மா இருக்க மாட்டேங்குது, எதையாவது தேடுது. அப்புறம் மெல்ல கையக் கட்டிக்கிட்டு நிமிர்ந்து பார்த்தா. எதிர்க்க ஒரு ஏக்கர் கத்தரி. பூராவும் பூவெடுத்து நிக்குது. ஒவ்வொரு பூவும் தலையக் கவுத்துக்கிட்டு, நடுவுல மஞ்சப் பொட்டு வெச்சுக்கிட்டு. சேலைக் கலர் பேருதான் அவளுக்குத் தெரியும், அந்தப் பூவ அவ கண்டதே இல்ல. முந்தானைய நீட்டி ஒரு பூவோட வெச்சுப் பார்த்தா. ரெண்டும் ஒண்ணு. தாமரை ஓடி வந்து மடியில ஏறிக்கிட்டா. பூரணிக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு கண்ணு.

உள்ள தட்டு உருளுது, தடார். "பூரணி, புளி எவ்வளவு?"ன்னு ஒரு குரல்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் தோட்டம் பார்க்க வந்திருக்கேன்"னா இவ, திரும்பாமலே.

குழம்பு ஒரே உப்பு. பூரணி மட்டும் மூணு தடவ போட்டுக்கிட்டா.

ஊருக்குத் திரும்புறப்ப ரயில்ல நாச்சிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டாரு. "அடுத்த வருஷம் நீ சொன்ன தோட்டத்துக்கே போலாம். எந்தத் தோட்டம்னு இப்பவே வெவரமாச் சொல்லிடு."

"நீங்க சமைக்கிற தோட்டம் எதுவோ, அது"ன்னா பூரணி.

கத்தரியும் பூத்தாச்சு, கதையும் காய்ச்சாச்சு. இன்னும் "ம்" போடறியா? போதும், கண்ண மூடு.