கிண்ணம் எங்க இருக்கு அண்ணாச்சி?

சின்னக் கிண்ணம் வார்க்கிற அச்சில் பெரிய கிண்ணம் வருமா, வராதா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வரும் என்றுதான் பிளாஸ்டிக் கிண்ணம் வார்த்து விற்கிற சிவனணைந்தானும் நினைத்தார்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு மோல்டிங் மிஷின், ஒரே ஒரு அச்சு. அச்சு என்றால் இரண்டு பாதி. ஒன்றில் குழி, மற்றதில் மேடு. இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். உருகிய பிளாஸ்டிக் உள்ளே பாயும். ஆறினபிறகு திறந்தால் பொத்தென்று ஒரு கிண்ணம் விழும். பச்சைப்பிள்ளைக்குப் பருப்புச் சோறு பிசைந்து ஊட்ட அளவான கிண்ணம்.

மலையடிவாரத்து ஹாஸ்டலில் சமைக்கிற உலகம்மாள் அந்தக் கிண்ணத்தைத்தான் வாங்கிப் போயிருந்தாள். ஒருநாள் திரும்பி வந்தாள்.

"பெரிய வகுப்புப் பிள்ளையளுக்கு இது எந்த மூலைக்கு அண்ணாச்சி? ரெண்டாந்தடவை வரிசையில நிக்கதுக்குள்ள பள்ளிக்கூட மணி அடிச்சிருது. அரை வயித்தோட ஓடுதுவ. இதைப்போல ரெண்டு மடங்கு கொள்ளுத மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. லீவு முடியதுக்குள்ள வேணும்."

"குடுத்துட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் அச்சின் ஞாபகம் வந்தது. புதிதாக அச்சு அடிக்கக் கையில் காசில்லை. இருக்கிற அச்சைத்தான் மாற்ற வேண்டும். அது கெட்டால் சின்னக் கிண்ணமும் போச்சு. மிஷின் சும்மா நிற்கும். பழையபடி எவனுடைய குடோனிலாவது போய் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

அச்சை டிரைசைக்கிளில் ஏற்றிக்கொண்டு சலோமியைப் பார்க்கப் போனார்.

தொழிற்பேட்டையின் கடைசிச் சந்தில் அச்சுப் பட்டறை வைத்திருப்பவள் சலோமி. சிவனணைந்தானின் மூத்த மகளைவிட வயதில் இளையவள். ஆனால் பேட்டை முழுக்க அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். அவர் போன நேரம், மகளை இடுப்பில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். கையில் இருந்தது அவர் வார்த்த கிண்ணம்தான்.

"மேஸ்திரி, இந்தக் கிண்ணத்தை எப்படிப் பெருசாக்க? நீ செஞ்சு தர வேண்டாம். சொல்லிக் குடு, நானே கத்துக்கிடுதேன்."

"கிண்ணம் எங்க இருக்கு அண்ணாச்சி?"

"உங் கையில இருக்கே."

"இது பிறந்து வளந்தாச்சு. அச்சுல எங்க இருக்கு?"

இதென்ன கேள்வி என்று அவருக்கு. அச்சைத் திறந்து குழியைக் காட்டினார்.

"இந்தா இருக்கு."

"நாளைக்கு வாங்க" என்றாள் சலோமி.

மறுநாள் போனார்.

"குழி இல்ல மேஸ்திரி. மேடு."

"மேடுதானா?"

"அப்படித்தான்னு நினைக்கேன்."

"நினைக்கியளா? சரி, நாளைக்கு வாங்க."

"ஏம்மா, என்னைப் பாத்தா வேலவெட்டி இல்லாதவன் மாதிரி இருக்கா?"

அந்தச் சமயம் பார்த்து இடுப்பிலிருந்த பிள்ளை வாயிலிருந்த சோற்றை அவர் சட்டையில் துப்பியது.

"அவளும் அதையேதான் சொல்லுதா. நாளைக்கு வரணுமாம்" என்றாள் சலோமி.

சிவனணைந்தான் சட்டையைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அங்கே அவர் மனைவி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். நின்று பார்த்தார். தட்டில் குழி. குழியில் மாவு. குழி சின்னதென்றால் இட்லி சின்னது. குழி பெருத்தால் இட்லி பெருக்கும்.

அட, இவ்வளவுதானா!

இதைச் சொல்லவா அந்தப் பொம்பளை இரண்டு நாள் அலையவிட்டாள்? மறுநாள் அவர் சலோமியிடம் போகவில்லை. தெருமுனையில் இரும்பு கடைகிற லேத்துப் பட்டறைக்குப் போனார்.

"குழியைக் கடையும்வே. அகலமா, ஆழமா."

லேத்துக்காரர் தயங்கினார். "யோசிச்சுக்கிடும். எடுத்த இரும்பைத் திருப்பி ஒட்ட எங்கிட்ட கோந்து கிடையாது."

"எனக்குத் தெரியும். நீரு கடையும்."

இரும்பு சுருள் சுருளாக உதிர்ந்தது. பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு குளிர்ந்தது.

அச்சை மிஷினில் மாட்டினார். பிளாஸ்டிக் குருணை வழக்கத்தைவிட நிறைய இறங்கியது. பெரிய கிண்ணமாச்சே, இறங்கத்தான் செய்யும். ஆறுவதற்கு வெகு நேரம் பிடித்தது. பெரிய கிண்ணமாச்சே, பிடிக்கத்தான் செய்யும். கடைசியில் விழுந்தது பாருங்கள் ஒரு கிண்ணம்! அகலமும் உயரமுமாக, பார்க்க அத்தனை லட்சணம். சூடு ஆறுமுன் துண்டில் பொதிந்து ஹாஸ்டலுக்கு ஓடினார்.

உலகம்மாள் கையில் வாங்கினாள். "நல்ல கனமா இருக்கே!"

பழைய கிண்ணத்தையும் புதுக் கிண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். லீவுக்கு ஊருக்குப் போகாத பிள்ளைகளுக்கு வைத்த சாம்பாரில் ஒரு கரண்டி பழையதில் விட்டாள். விளிம்புவரை நிறைந்தது.

புதியதில் ஒரு கரண்டி விட்டாள்.

விளிம்புவரை நிறைந்தது.

அவள் கரண்டியைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, அதே சின்னப்பயலுக்குக் கம்பளியப் போத்திக் கூட்டியாந்திருக்கிய!"

சிவனணைந்தானுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. கிண்ணங்களைக் கழுவக்கூட விடாமல் வாங்கி வந்து, அச்சை மிஷினிலிருந்து கழற்றி மறுபடி டிரைசைக்கிளில் ஏற்றினார்.

சலோமியின் பட்டறை வாசலில் அச்சை இறக்கி, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கெட்டுச்சு தாயி. குழியைக் கடைஞ்சிட்டேன். சின்னதும் போச்சு, பெருசும் வரல. இனி ஒட்ட வைக்கவும் முடியாது."

சலோமி திட்டவில்லை. அவரிடமிருந்து இரண்டு கிண்ணங்களையும் வாங்கிக் குழாயடியில் கழுவினாள். துடைத்தாள். அச்சின் இரண்டு பாதியையும் பிரித்துப் போட்டாள்.

சின்னக் கிண்ணத்தை எடுத்து மேட்டின்மேல் கவிழ்த்தாள்.

தலையில் தொப்பி வைத்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது.

அதை எடுத்துவிட்டு, பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்தாள்.

அதுவும் தொப்பி வைத்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது.

பிறகு அவள் பாட்டுக்கு மகளுக்குத் தலை சீவப் போய்விட்டாள்.

சிவனணைந்தான் பார்த்தார். எழுந்து கிட்டே வந்தார். பெரியதை எடுத்துவிட்டுச் சின்னதை வைத்தார். சின்னதை எடுத்துவிட்டுப் பெரியதை வைத்தார்.

"மேஸ்திரி, ரெண்டுக்கும் தலை ஒண்ணா?"

சலோமி வாயில் ரிப்பனைக் கவ்வியிருந்தாள்.

அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. சின்னக் கிண்ணத்தைக் கடைந்த குழிக்குள் இறக்கினார். அது கடகடவென்று ஆடியது. சுற்றிலும் சந்து. சந்துக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அடியிலும் சந்து.

"இந்தச் சந்து அளவுக்கு இரும்புல ஒரு சட்டை கடைஞ்சு உள்ள இறக்குனா?"

"சின்னக் கிண்ணம் வரும்."

"சட்டையக் கழட்டுனா?"

"பெரிய குழி."

"அப்போ நான் கெடுக்கலியா?"

"பாதி வேலையச் செஞ்சிட்டு வந்து உக்காந்து அழுதிய."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"கேட்டேம்லா."

சிவனணைந்தான் மறுபடி அச்சின் பக்கம் திரும்பினார்.

குழியிலிருந்து கிண்ணத்தை எடுத்தார். இரண்டு பாதியையும் நிமிர்த்தி, மெல்லத் தள்ளி, ஒன்றை ஒன்று தொடுமுன் நிறுத்தினார். குனிந்து, விளிம்பில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கத்து வெளிச்சம் குழிக்கும் மேட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் கிண்ணம்போல வளைந்து தெரிந்தது.

பெரிய கிண்ணத்தின் கனத்த சுவரைத் தடவிவிட்டு, அந்தச் சந்தையும் விரலால் தடவினார்.

"கிண்ணம் எங்க இருக்கு அண்ணாச்சி?" என்றாள் சலோமி.

அவர் மேடு இருந்த பாதியைக் குப்புறப் புரட்டினார். அச்சு கைக்கு வந்த நாளிலிருந்து அதன் முதுகை அவர் உற்றுப் பார்த்ததே இல்லை. பழைய கிரீஸும் தூசியும் அப்பிக் கிடந்தது. துண்டால் அழுத்தித் துடைத்தார். துடைக்கத் துடைக்க உள்ளேயிருந்து போல்ட்டுத் தலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்தன.

அத்தனையும் மேட்டைப் பிடித்திருக்கிற போல்ட்டுகள். கழற்றினால் மேடு தனியே வரும்; அந்த இடத்தில் பெரிய மேடு உட்காரும்.

அவர் கையைப் பின்னால் நீட்டினார். தலையைத் திருப்பவில்லை.

"மேஸ்திரி, போல்ட்டுக் கழட்டுத அந்த அலன் கீயைக் கொஞ்சம் எடும்மா."